தமிழ் அச்செழுத்தில் தடிப்பும் சாய்வும்: திருத்தணிகைச் சான்றுகளை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

1. தோற்றுவாய்

நூல் பயில்வார் எழுத்தின்வழிப் பொருளை நோக்குவரேயன்றி எழுத்தின் உருவை நோக்குதல் அரிது. அங்ஙனம் நோக்கவிடாமையே நல்ல அச்சின் இலக்கணம் எனவும் கூறலாம். ஆயினும், பதிப்புத் தொழிலில் ஈடுபட்டார்க்கும் சுவடிகளை ஒப்புநோக்கும் ஆராய்ச்சியாளர்க்கும் எழுத்துருவம் புறக்கணிக்கத்தக்க பொருளன்று. மூலம் யாது, உரை யாது, உரைகாரர் காட்டிய மேற்கோள் யாது, பதிப்பாசிரியர் தாமே சேர்த்த சொல் யாது என்பவற்றை இன்றைய நூல்களிற் பெரும்பாலும் எழுத்தின் தடிப்பும் சாய்வுமே நமக்கு உணர்த்துகின்றன.

அண்மையில் ஆய்வு மாணவர் ஒருவர் தம் ஆய்வேட்டின் இயலொன்றைக் கொணர்ந்து காட்டினார். மூலச் செய்யுட்டொடர்களைத் தடித்த சாய்ந்த எழுத்திலும் பழைய உரையை நேரெழுத்திலும் அமைத்திருந்தார். பார்வைக்கு அஃது இனிதாகவே இருந்தது. அவ்வியலை வேறொரு கணினிக்கு மாற்றியபோது தடிப்பும் சாய்வும் ஒருங்கே மறைந்தன. உரைகாரர் எடுத்தாண்ட செய்யுட்டொடர் எது, உரைகாரர்தம் வாக்கியம் எது என்று பிரித்தறிதற்கு எழுதிய அவர்க்கே அரைநாள் ஆயிற்று. பிறர் பயிலுங்கால் அப்பிரிவு விளங்குமோ என்ற ஐயமே இக்கட்டுரைக்குத் தோற்றுவாயாயிற்று.

தடித்ததாய், சாய்ந்ததாய், கோடுகளின் முனையில் குறுங்கட்டைகள் இல்லாததாய் உள்ள எழுத்துவகை மேலைநாட்டு அச்சிற் பயின்று, இன்று தமிழ் நூல்களிலும் விளம்பரங்களிலும் பரவியுள்ளது. அதன் மூன்று இயல்புகளுள் எது தமிழெழுத்துக்கு இயல்பானது, எது வேர்கொண்டது, எது கடனாக நிற்பது என்பது ஈண்டு ஆராயப்படும்.

2. மேலைநாட்டில் இம்மூன்றும் தோன்றியவாறு

இம்மூன்று இயல்புகளும் ஒரு காலத்தில் ஓரிடத்தில் தோன்றியன அல்ல. சாய்வெழுத்தே முற்பட்டது. வெனிசு நகரில் ஆல்டசு மனூசியசு என்னும் அச்சாளர் 1501ஆம் ஆண்டு வெர்ச்சிலின் பாடல்களைச் சிறிய நூலாக வெளியிட்டபோது நூல் முழுதும் சாய்வெழுத்தாலேயே அமைந்தது. அவ்வெழுத்தை வெட்டியவர் பிரான்செசுகோ கிரிபோ. அஃது அக்காலத்துக் கற்றோர் விரைந்தெழுதிய கையெழுத்தைத் தழுவியது. எனவே, நேரெழுத்தைச் சாய்த்துப் பெற்றதன்று, தனக்கென வேறு வடிவுடையது. அழுத்தம், நூற்பெயர், பிறமொழிச்சொல் ஆகியவற்றைக் காட்டும் துணையெழுத்தாக அது மாறியது பிற்காலத்து வழக்கேயாம்.

முனைக்கட்டை இல்லாத எழுத்து 1816ஆம் ஆண்டளவில் இலண்டனில் நான்காம் வில்லியம் கேசுலன் என்பாரின் எழுத்து வார்ப்பகத்து மாதிரிநூலில் முதன்முதல் காணப்படுகின்றது. 1832இல் வின்சென்டு பிக்கின்சு அதற்கு 'சான்செரிப்' எனப் பொருள்படும் பெயரையிட்டார். தலைப்புக்கும் சுவரொட்டிக்கும் உரிய எழுத்தாகவே அது நெடுங்காலம் கருதப்பட்டது.

தடித்த எழுத்து உரைநடை எழுத்தோடு இணைந்து ஒரே வரியில் வருமாறு அமைக்கப்பட்டது 1845இல் ஆகும். இராபர்ட்டு பெசுலி வெளியிட்ட 'கிளாரெண்டன்' என்னும் எழுத்து அகராதிகளில் தலைச்சொல்லைப் பிரித்துக் காட்டப் பெரிதும் பயன்பட்டது. 1957இல் வெளிவந்த அட்ரியன் புருட்டிகரின் 'யூனிவர்சு' என்னும் எழுத்துக் குடும்பத்தில் இவ்வியல்புகள் எண்களாகவே வகைப்படுத்தப்பட்டன. அதன்கண் 55 என்பது நேரான இயல்பெழுத்து, 56 அதன் சாய்வு, 65 தடித்தது, 66 தடித்ததும் சாய்ந்ததும். முனைக்கட்டையற்ற தடித்த சாய்வெழுத்து ஒரு பெருங்குடும்பத்தின் முறையான உறுப்பாக எண் பெற்று நின்றது இங்ஙனமேயாம். ஈண்டுச் சாய்வு என்பது கையெழுத்தைத் தழுவியதன்று. நேரெழுத்தையே ஒருபுறம் சரித்து, பின் கண்ணளவாற் செப்பஞ்செய்தது.

இவ்வெழுத்துக்குப் பொருளே வடிவாக அமைந்த ஒரு துறையும் உண்டு. இயற்பியலிலும் கணிதத்திலும் 'டென்சர்' எனப்படும் அளவைக்கு முனைக்கட்டையற்ற தடித்த சாய்வெழுத்தைப் பயன்படுத்துமாறு பன்னாட்டுத் தரநிர்ணய நெறிகள் பரிந்துரைக்கின்றன. தடிப்பை நீக்கினால் அக்குறி வேறோர் அளவையைச் சுட்டக்கூடும். இதுபற்றியே 2001இல் வெளிவந்த ஒருங்குறியின் 3.1ஆம் பதிப்பு, கணிதத்திற்கென அவ்வடிவிலுள்ள உரோமானிய எழுத்துகளுக்குத் தனிக் குறியெண்களை வழங்கிற்று. தமிழெழுத்துக்கு அத்தகைய தனியெண் இல்லை. தமிழில் தடிப்பும் சாய்வும் எழுத்தின் மேற்போர்வையே, எழுத்தின் பகுதியல்ல. போர்வை நழுவின் எழுத்து மட்டும் எஞ்சும். மேலே கூறிய ஆய்வேட்டில் நிகழ்ந்தது இதுவே.

3. கல்லிலும் ஓலையிலும் தமிழெழுத்து

அச்சுக்கு முற்பட்ட தமிழெழுத்தின் இயல்பை அறிதற்குத் திருத்தணிகையே நல்லதொரு சான்றிடமாகும். மலைமேல் முருகன் கோயிலும், அதற்கு ஏறும் 365 படிகளுமே இவ்வூரை நினைந்தவுடன் தோன்றுவன. ஆயின், எழுத்து வரலாறு ஆராய்வார்க்கு இவ்வூரிலுள்ள வீரட்டானேசுவரர் கோயிலும் பெரிதாம். ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அபராசிதவர்ம பல்லவன் ஆட்சியில் நம்பி அப்பி என்பான் எடுப்பித்த கற்றளி அது. அதன் கல்வெட்டில் வெண்பா ஒன்று உள்ளது. அதனைப் பாடியவன் அரசனே என்னும் குறிப்பும் உடன் வெட்டப்பட்டுள்ளது.

ஈண்டு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. 'இஃது இன்னார் பாடியது' என்பதனை உணர்த்தும் பணி சொல்லிடமே ஒப்படைக்கப்பட்டது. உளியால் எழுத்தைத் தடிப்பித்தலோ சாய்த்தலோ அதற்கு வேண்டப்படவில்லை. ஆயிரத்தொரு நூறு ஆண்டுகள் கழிந்தும், கல்லிலிருந்து மைப்படிக்கும், மைப்படியிலிருந்து அச்சுக்கும், அச்சிலிருந்து கணினிக்கும் அவ்வெழுத்துப் பெயர்க்கப்பட்டும், அக்குறிப்பு அழியாது நிற்கின்றது.

ஓலையின் நிலையும் இதுவே. எழுத்தாணி ஓலையைக் கீறிச் செல்லும்போது கோடு யாண்டும் ஒரே பருமையதாகவே அமையும். தூவலால் எழுதுவார்க்கு இயலும் தடிப்பும் மெலிவும் எழுத்தாணிக்கு இயலா. ஆதலின் முனைக்கட்டையின்மை என்பது தமிழெழுத்துக்கு மேலைநாடு தந்த புதுமையன்று; ஓலையெழுத்தின் பிறவிக்குணமே அது. அச்சில் நாம் காணும் தடிப்பும் மெலிவும் கலந்த தமிழெழுத்தே பின்வந்த கோலமாம்.

எனினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். ஓர் எழுத்துமுறையில் அணியாகத் தோன்றுவது மற்றொன்றில் உறுப்பாக இருத்தல் கூடும். 1960 ஏப்பிரல் 1ஆம் நாள் சித்தூர் மாவட்டத்தினின்றும் பிரிந்து அந்நாளைய சென்னை மாநிலத்தோடு இணைந்த திருத்தணியில் தமிழும் தெலுங்கும் அருகருகே பயில்வன. தெலுங்கெழுத்தின் தலைமேல் வரும் 'தலகட்டு' என்னும் சிறுகோட்டைத் தமிழ் மட்டும் அறிந்தார் அணியென்றே கருதுவர். ஆனால் அஃது அகர உயிரைச் சுட்டும் குறி; வேறு உயிர்க்குறி வருங்கால் பெரும்பாலும் நீங்குவது. தமிழிலும் அவ்வாறே ரகரத்தின் அடியில் வரும் சாய்கோடு அணியன்று. அக்கோடு இன்றேல் ரகரமும் நெடிலைக் குறிக்கும் காலும் ஒன்றாகும். ஓலைச்சுவடிகளில் இவ்விரண்டும் வேறுபாடின்றி எழுதப்பட்டமையால் பதிப்பாசிரியர் உற்ற இடர் யாவரும் அறிந்ததே. 'சரபம்' என்பதும் 'சாபம்' என்பதும் ஏட்டில் ஒருவடிவாய் நிற்கும். எழுத்தைத் தூய கோடாகச் சுருக்க விழைவோர் எது அணி, எது உறுப்பு என்பதை முதற்கண் தெளிதல் வேண்டும்.

மூலத்தையும் உரையையும் ஏடெழுதுவோர் எங்ஙனம் பிரித்தனர்? அதற்கும் சொல்லே துணையாயிற்று. 'இதன் பொருள்', 'என்பது', 'என்றவாறு' முதலிய தொடர்களும், 'எ-று' போன்ற சுருக்கங்களும் உரையின் எல்லைகளைக் காட்டும் வேலிகளாயின. அழுத்தம் காட்டுதற்கும் தமிழ் எழுத்துருவை நாடியதில்லை. ஏகாரத்திற்குத் தேற்றமும் பிரிநிலையும் பொருளாதலைத் தொல்காப்பியர் இடையியலில் ஓதினார். ஆங்கிலத்தில் ஒரு சொல்லைச் சாய்த்துப் பெறும் அழுத்தத்தைத் தமிழர் ஓர் ஏகாரத்தாற் பெற்றுவிடுவர்.

4. அச்சும் திருத்தணிகைச் சகோதரரும்

1578ஆம் ஆண்டு கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கங்களையுடையது. தமிழெழுத்து ஈயத்தில் நிலைத்த தொடக்ககாலத்தில் எழுந்த வினா எழுத்தின் அளவு பற்றியதேயன்றிச் சாய்வு பற்றியதன்று. செருமானிய நாட்டு ஆலேயில் வார்த்துத் தரங்கம்பாடிக்கு 1713இல் அனுப்பப்பட்ட எழுத்துகள் பெரியன. தாளை மிகுதியாக விழுங்கின. எனவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகள் வார்க்கப்பட்டன. 1715இல் நிறைவெய்திய சீகன்பால்குவின் புதிய ஏற்பாட்டிற்கு அவை துணைசெய்தன. பெரியதும் சிறியதுமாக இரு எழுத்துகள் ஓர் அச்சகத்தில் அமைந்தமை பின்னர் மூலம், உரை என்னும் வேறுபாட்டுக்கு வழிவகுத்தது எனலாம்.

1835இல் அச்சகங்களின்மேலிருந்த அரசியற் கட்டுப்பாடு தளர்ந்தது. அதனை ஒட்டிய காலத்தில் தமிழ்ப்புலவர் தாமே அச்சுத்தொழிலிற் புகுந்தனர். அவருள் முன்னிற்பவர் திருத்தணிகையைச் சார்ந்த சரவணப்பெருமாளையரும் விசாகப்பெருமாளையரும் ஆவர். இவர்தம் தந்தையார் கந்தப்பையர், தணிகைப்புராணம் பாடிய கச்சியப்ப முனிவரின் மாணவர். முனிவர் வாயிலாக வந்த ஏட்டுக்கல்வியும் சென்னையில் தோன்றிய அச்சுத்தொழிலும் இவ்விரு சகோதரரிடத்து ஒன்றுகூடின. 1830களில் இவர்களோடு தொடர்புற்றுத் திகழ்ந்தது சென்னைக் கல்வி விளக்க அச்சுக்கூடம். சரவணப்பெருமாளையர் திருவள்ளுவமாலைக்கும் நைடதத்திற்கும் உரை கண்டவர். விசாகப்பெருமாளையர் யாப்பு, அணி ஆகியவற்றின் இலக்கணங்களை மாணாக்கர் பொருட்டு உரைநடையில் எழுதியவர்.

இவர்தம் பணியின் சிறப்பை எழுத்துருவ வரலாற்று நோக்கில் மதிப்பிடல் வேண்டும். ஏட்டில் ஆசிரியர் அருகிருந்து பிரித்துச் சொல்லியதை அச்சுநூல் தனித்திருந்து சொல்லவேண்டியதாயிற்று. நூலை வாங்குவோன் ஆசிரியரைக் காணான். ஆதலின் செய்யுள், பதவுரை, கருத்துரை, இலக்கணக்குறிப்பு ஆகியவற்றைக் கண்ணே பிரித்தறியுமாறு அமைக்கும் பொறுப்புப் பதிப்பாசிரியர்பால் வந்தது. ஆசிரியர் குரலின் இடத்தை எழுத்தின் அளவும் இடைவெளியும் ஏற்றன. ஏட்டுமரபில் வளர்ந்த புலவரே அச்சகத்தையும் நடத்தியமையால், உருவம் மாறியும் வேலியாகிய சொற்கள் கைவிடப்படவில்லை. 'இதன் பொருள்' என்பது அச்சிலும் நின்றது.

பின்னர் வந்தோர் இவ்வழியை விரித்தனர். சென்னை அமெரிக்க மிசன் அச்சகத்தில் பி. ஆர். அண்ட்டு தமிழெழுத்தைச் சிறிதாயினும் தெளிவுடையதாய்ச் செப்பஞ்செய்தார். 1862இல் அவ்வச்சகத்தினின்று வெளிவந்த வின்சுலோவின் தமிழ்-ஆங்கில அகராதி ஒரே நூலாக அடங்கியது அதன் பயனே. உ. வே. சாமிநாதையரின் சீவக சிந்தாமணி (1887), சிலப்பதிகாரம் (1892), புறநானூறு (1894) ஆகிய பதிப்புகளில் மூலம், உரை, அடிக்குறிப்பு என்பன இடத்தாலும் எழுத்தளவாலும் நிரல்பட நின்றன. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி (1924–1936) தலைச்சொல்லைத் தடித்த எழுத்தாற் காட்டியது.

பொதுமக்களும் தடிப்பை உடனே ஏற்றுக்கொண்டனர். 'பெரிய எழுத்து' என்னும் அடைமொழியோடு விக்கிரமாதித்தன் கதை முதலியன ஊர்தோறும் விற்பனையாயின. செய்தித்தாள் தலைப்பைக் 'கொட்டை எழுத்து' என மக்கள் வழங்கலாயினர். ஒரு பொருளுக்கு மக்கள் தாமே பெயரிடின் அது வேர்கொண்டது என்பது தெளிவு. சாய்வெழுத்துக்கு அத்தகைய நாட்டுப்பெயர் ஒன்றும் எழாமை ஈண்டு ஒப்பிடத்தக்கது.

5. சாய்வு வேர்கொள்ளாமைக்குக் காரணங்கள்

சாய்வெழுத்து ஈய அச்சில் தமிழுக்கு நிலைபெறாமைக்கு மூன்று காரணங்கள் கூறலாம்.

முதலாவது, எழுத்துகளின் தொகை. ஆங்கிலத்திற்குப் பெரியன 26, சிறியன 26 எனச் சாய்வெழுத்து வார்த்தால் அமையும். தமிழில் உயிர் 12, அகரமேறிய மெய் 18, புள்ளிபெற்ற மெய் 18, மெய்யோடு ஒட்டிநிற்கும் இகர ஈகார உயிர்மெய் 36, உகர ஊகார உயிர்மெய் 36, ஆய்தம் 1 எனத் தனித்தனியே வார்ப்பின் 121 ஆம். இவற்றோடு கால், கொம்பு, இணைக்கொம்பு முதலிய குறிகளும், 1978ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்திற்கு முன் வழங்கிய ணா, றா, னா, ணை, லை, ளை, னை என்பவற்றின் கூட்டுவடிவங்களும் சேரும். ஓர் அளவுக்கு இத்தனை எழுத்தும் மீண்டும் வார்த்து, அச்சுக்கோப்பவர்க்கு மற்றொரு பெட்டியும் அமைத்தல் சிறிய அச்சகங்களுக்கு எளிதன்று. கிடைத்த பொருளைத் தடித்த எழுத்தில் இடுவதே பயனுடைத்தாயிற்று.

இரண்டாவது, எழுத்தின் அமைப்பு. ஈய எழுத்துச் சாயுங்கால் அதன் தலை தன் உடலைக் கடந்து அடுத்த எழுத்தின்மேல் நீளும். தமிழில் இகர ஈகாரங்களின் சுழிகள் முன்னரே மேலேயும் வலமாகவும் வளைந்து நிற்பன. சாய்வு சேரின் அவை மோதி உடையும். மெய்யெழுத்தின் புள்ளியோ வலப்பக்கம் நகர்ந்து அடுத்த எழுத்தின் எல்லையை அணுகும். புள்ளியின் இடமே மெய்யையும் உயிர்மெய்யையும் பிரிப்பதாகலின், இது சிறிய குறையன்று. ஏட்டில் விடப்பட்ட புள்ளிகளை உரிய இடத்து நிறுத்தவே பதிப்பாசிரியர் ஒரு நூற்றாண்டு உழைத்தனர். அதனை மீண்டும் இடம்பெயர்த்தல் தகாது.

மூன்றாவது, தேவையின்மை. மேலைநாட்டார் சாய்வுக்கு அளித்த பணிகளுள் அழுத்தத்தை இடைச்சொல் ஏற்றது. நூற்பெயரை மேற்கோட்குறி ஏற்றது. மேற்கோளின் எல்லையை 'என்ப', 'என்றார்', 'என' என்னும் சொற்கள் ஏற்றன.

ஆயினும் சாய்வு தமிழரால் அறவே ஒதுக்கப்பட்டதன்று. தூரிகையில் அது வாழ்ந்தது. வார இதழ்களில் கதைத் தலைப்பு வரைந்த ஓவியரும், கடைப்பலகையும் சுவர் விளம்பரமும் எழுதியவரும் தடித்த சாய்ந்த தமிழெழுத்தை விரைவும் எழுச்சியும் தோன்றக் கையாண்டனர். ஒவ்வொரு சொல்லையும் தனியே வரைபவர் புள்ளி மோதுமிடத்து அதனைச் சற்று நகர்த்துவர். சுழி அடையுமிடத்து அதனை அகலத் திறப்பர். திருத்தணியில் ஆடிக் கிருத்திகைக்கும் ஆண்டிறுதித் திருப்படித் திருவிழாவிற்கும் ஒட்டப்படும் அறிவிப்புகளில் இவ்வெழுத்து நிற்பின் அதிற் குறைகாண்டற்கில்லை. தொலைவிலிருந்து கண்ணை ஈர்ப்பதே அதன் தொழில். ஆராய்ச்சி நூலின் தொழில் வேறு.

6. கணினிக் காலமும் தடிப்பின் இடரும்

கணினி வந்தபின் வார்ப்புச் செலவு என்னும் தடை நீங்கியது. 'கேட்டமரன்' என்னும் எழுத்துரு ஒன்பது தடிப்புநிலைகளை உடையது. 'நோட்டோ' வரிசையிலும் தமிழுக்குப் பல தடிப்புநிலைகள் உள்ளன. முனைக்கட்டையற்ற நோட்டோ தமிழ் எழுத்துருவுக்குத் தனிச் சாய்வு வரையப்படவில்லை. ஆயின் 'கவிவாணர்' போன்று இயல்பிலேயே சாய்ந்து வரையப்பட்ட தமிழ் எழுத்துருக்களும் தோன்றியுள்ளன. வரையப்பட்ட சாய்வு இல்லாதவிடத்துக் கணினி நேரெழுத்தையே இயந்திரத்தனமாகச் சரித்துக் காட்டுகின்றது. ஓவியன் செய்யும் திருத்தம் அதன்கண் இல்லை. சுழிகள் நசுங்கும், புள்ளிகள் நகரும்.

தடிப்பும் இடரற்றதன்று. தமிழெழுத்துகளுள் பல உட்சுழி உடையன. கோடு பருக்குந்தோறும் சுழியினுள்ளிருக்கும் வெளி குறையும். சிறிய அளவில் தடித்த ணகரத்தின் சுழியொன்று அடைபடின் அது னகரம்போல் தோன்றும். 'மணம்' என்பது 'மனம்' ஆம். 'பணி' என்பது 'பனி' ஆம். 'ஆணை' என்பது 'ஆனை' ஆம். மூன்று இணைகளிலும் இரு சொற்களும் பொருளுடையன. ஆதலின் பிழை பிழையாகத் தோன்றாது பாடவேறுபாடுபோல நிற்கும். மூலத்தைச் சிறப்பிக்க வேண்டித் தடித்த எழுத்திலிட்டு, அம்மூலத்தையே ஐயத்துக்குள்ளாக்குதல் நேரும். சாய்வும் உடன்சேரின் இடர் இருமடங்காம்.

தடித்த சாய்வெழுத்து அச்சுத்தாளில் அழகாக நிற்பினும், வெற்றெழுத்தாகப் படியெடுக்கும்போது நிற்பதில்லை என்பதும் மேலே காட்டப்பட்டது. இன்று நூல்கள் அச்சிலிருந்து கணினிக்கும், கணினியிலிருந்து தொகுப்புகளுக்கும் பலமுறை பெயர்கின்றன. ஏடு பெயர்த்தெழுதியோர் காலத்து உரையும் மூலமும் மயங்கி இடைச்செருகல் தோன்றியவாறே, இக்காலத்தும் தோன்றுதல் கூடும். வேறுபாடு ஒன்றே: அன்று ஓர் ஏட்டில் நேர்ந்த பிழை அவ்வேட்டின் வழியில் மட்டும் பரவியது, இன்று ஒரு படியில் நேர்வது ஒருநாளில் யாண்டும் பரவும்.

7. முடிபு

இதுகாறும் கூறியவற்றாற் போதருவன இவை. முனைக்கட்டையின்மை தமிழெழுத்தின் தொன்மையான இயல்பு. தடிப்பு அச்சின் வழி வந்து, மூலத்தையும் தலைச்சொல்லையும் காட்டும் பணியில் வேர்கொண்டது. சாய்வு தூரிகையில் உயிர்பெற்றதாயினும், நூலச்சில் இன்றும் கடனாகவே நிற்கின்றது.

ஆதலின் ஆய்வேடும் பதிப்பும் அமைப்போர் மூன்றினைக் கடைப்பிடித்தல் நலம். தடித்த எழுத்தை, உட்சுழிகள் திறந்து நிற்கும் அளவில், மூலத்திற்கும் தலைச்சொல்லுக்கும் மட்டும் கொள்க. தமிழ்த்தொடரைச் சாய்த்தலை நூலினுள் தவிர்க்க. இவ்விரண்டினும் மேலாக, எழுத்துருவால் உணர்த்தும் எப்பிரிவையும் சொல்லாலும் குறியாலும் உடன் உணர்த்துக. 'மூலம்', 'இதன் பொருள்', 'என்றவாறு' என்னும் பழஞ்சொற்கள் இடத்தை அடைப்பன அல்ல, நூலைக் காப்பன. திருத்தணிகைச் சகோதரர் ஈய எழுத்தைக் கைக்கொண்டபோதும் அவற்றைக் கைவிட்டிலர்.

மேற்கூறிய மாணவர் தம் இயலை மீண்டும் எழுதிக் கொணர்ந்தார். தடிப்பை வைத்துக்கொண்டார்; சாய்வை நீக்கினார்; ஒவ்வொரு மூலத்தொடரின் முன்னும் பின்னும் உரியசொல் நிறுத்தியிருந்தார். அதனை வெற்றெழுத்தாக மாற்றிப் பார்த்தோம். மூலம் மூலமாகவும் உரை உரையாகவும் நின்றன. அபராசிதன் வெண்பாவின் அருகே அதனைப் பாடியவன் பெயரைச் சொல்லால் வெட்டுவித்தவர் அறிந்திருந்தது இதுவே.